இல்லாத கருவிக்கு எந்த முகவரி?

நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் நாம் அன்றாடம் தொடுகிற சேவைகளில் பெரும்பகுதி விர்ச்சுவல் மெஷின்களில் ஓடுகிறது. ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பல கணினிகளாகப் பங்கு பிரித்துத் தருவார்கள். உள்ளே ஓடுவது கெஸ்ட், அதைத் தாங்குவது ஹோஸ்ட், நடுவில் நின்று மேற்பார்ப்பது ஹைப்பர்வைசர். கெஸ்டைக் கேட்டால் தன்னிடம் ஒரு நெட்வொர்க் கார்டும் ஒரு டிஸ்க்கும் இருப்பதாகச் சொல்லும். அப்படி எந்தக் கார்டும் கிடையாது. ஹோஸ்டில் ஓடும் ஒரு புரோகிராம்தான் கார்டு வேஷம் கட்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கார்டுக்கும் அதை இயக்கும் டிரைவருக்கும் நடுவே கைமாறுகிற மெமரி நிஜமான மெமரி. அதை இருவரும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், இன்டெலும் ஏஎம்டியும் செய்யும் எக்ஸ்86 சிப்பில் பிசகில்லாமல் நடந்த அந்தப் பங்கீடு ஆர்ம், பவர் என்ற வேறு வகைச் சிப்புகள், ஐபிஎம் மெயின்பிரேம் என்ற பெருங்கணினி என்று போனபோது ஏன் இடித்தது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

இதற்கு, கெஸ்டின் டிரைவரும் வேஷம் கட்டிய கருவியும் பேசிக்கொள்ளும் விர்ட்டியோ என்ற முறையை விட நல்ல உதாரணம் கிடையாது. ஒரு காலத்தில் ஹைப்பர்வைசர்களில் சென்னுக்கு ஒரு டிரைவர், விஎம்வேருக்கு ஒரு டிரைவர், கேவிஎம்முக்கு இன்னொன்று என்று ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஐபிஎம்மின் லினக்ஸ் குழுவில் இருந்த ரஸ்டி ரஸ்ஸல், எல்லா ஹைப்பர்வைசருக்கும் பொதுவான ஒரு முறையை எழுதினார். 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24ல் அது இடம்பெற்றது. அதை விளக்கும் அவருடைய கட்டுரையும் அதே ஆண்டு வெளியானது. இன்றைக்கு கிளவுடில் லினக்ஸ் ஓட்டுகிறவர்களில் பலர் தெரிந்தோ தெரியாமலோ அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அதன் அமைப்பை மளிகைக்கடைக் கணக்கு நோட்டைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். வீட்டுக்காரர் வேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதிவைப்பார். கடைக்காரர் கொடுத்து முடித்ததை எதிர்ப்பக்கத்தில் குறிப்பார். ஒருவர் எழுதும் பக்கத்தில் மற்றவர் கை வைக்க மாட்டார். விர்ட்டியோவில் அந்த நோட்டு கெஸ்டின் மெமரியில் இருக்கிறது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் 16 பைட்டில் ஒரு பதிவு. அதில் 8 பைட் முகவரி, 4 பைட் நீளம், மிச்சம் 4 பைட்டில் கொடிகள் என்ற ஆம்-இல்லைக் குறிகளும் அடுத்த பதிவின் எண்ணும். டேட்டா இன்ன முகவரியில் இத்தனை பைட் இருக்கிறது, படித்துக்கொள் அல்லது அங்கே எழுது என்பதுதான் மொத்தச் செய்தியும்.

வழக்கெல்லாம் அந்த 8 பைட் முகவரியில்தான். அது யாருடைய கணக்கில் முகவரி?

நிஜமான கார்டுக்கு டிரைவர் எழுதுகிறவர்கள் இதில் எப்போதும் கவனமாக இருப்பார்கள். இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் போய், இந்த இடத்தை இந்தக் கருவி அணுகவேண்டும், அதன் பார்வையில் இதற்கு என்ன முகவரி என்று கேட்டு வாங்குவார்கள். டிஎம்ஏ ஏபிஐ என்பது அந்தக் கேள்வியைக் கேட்பதற்கான வழி. கருவிக்கும் மெமரிக்கும் நடுவில் ஐஓஎம்எம்யூ என்ற முகவரி மாற்றி இருந்தால் அதைக் கர்னல் கவனித்துக்கொள்ளும். தொடக்க கால விர்ட்டியோ அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கெஸ்ட் தன்னுடைய பிசிக்கல் முகவரி என்று எதை நினைத்ததோ அதை அப்படியே பதிவில் எழுதியது. காரணம் இல்லாமல் இல்லை. எதிரே கருவி வேஷத்தில் இருப்பது க்யூஎமு புரோகிராம். கெஸ்டின் மெமரி முழுவதும் ஏற்கெனவே அதன் கையில் இருக்கிறது. ஒரு கூட்டல் போட்டால் இடம் தெரிந்துவிடும். வேகமும் கிடைத்தது, எழுதுவதும் சுலபமாக இருந்தது.

இருவர் பேசிக்கொண்ட இந்த ஏற்பாட்டில் மூன்றாவது ஆளான ஹார்டுவேரைக் கேட்காமல் விட்டார்கள். பின்னால் வந்த சிக்கல்களில் பெரியவை இங்கிருந்து கிளம்பியவை என்பது என் எண்ணம்.

சென்னில், தான் ஓடுவது ஹைப்பர்வைசரின் மேல் என்று தெரிந்தே நடக்கும் பாராவிர்ச்சுவல் கெஸ்ட் தன் பிசிக்கல் முகவரி என்று நினைப்பது நிஜ மெமரியின் முகவரி அல்ல, நேராக எழுதினால் வேறு எங்கோ போகும். பவர் சர்வர்களில் கெஸ்டுக்குத் தரப்படும் பிசிஐ கருவிகள் எல்லாம் ஐஓஎம்எம்யூவுக்குப் பின்னால் இருப்பதாகத்தான் ஃபர்ம்வேர் சொல்லும், விர்ட்டியோ மட்டும் அதைச் சட்டை செய்யாமல் போனது. பிறகு விர்ட்டியோ பேசும் நிஜமான கார்டுகள் வந்தன. அவற்றுக்குக் கூட்டல் போட்டு இடம் கண்டுபிடிக்க க்யூஎமு கிடையாது.

ஆண்டி லுடோமிர்ஸ்கி முன்னெடுத்த திருத்தம் 2016ல் லினக்ஸ் 4.6ல் சேர்ந்தது. இப்போது டிரைவருக்குள் ஒரு சிறிய சோதனை இருக்கிறது. கருவி தன் திறன் பட்டியலில் 33ஆம் பிட்டை வைத்திருந்தால், முகவரியைக் கர்னலிடம் கேட்டு எழுது. அந்த பிட் இல்லாவிட்டாலும் ஓடுவது சென்னில் என்றால், அப்போதும் கேள். இரண்டும் இல்லையென்றால் பழைய வழி. பழைய வழியை ஒரேயடியாக ஒழிக்க முடியவில்லை. உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த கெஸ்டுகள் ஒரே நாளில் நின்றுபோயிருக்கும். ஏன் இப்படி என்று அந்தச் சோதனைக்கு மேலே எழுதிவைத்திருக்கும் குறிப்பு, சோதனையைவிட நீளமானது. அதை எழுதியவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். பின்னால் வருகிறவருக்கு அது பெரிய உதவி.

முகவரி சரியாகிவிட்டாலும் வரிசை சரியாக வேண்டும். நோட்டில் பொருளை எழுதிவிட்டுத்தான், எத்தனை எழுதியாயிற்று என்ற எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். எண்ணிக்கை முதலில் தெரிந்து பொருள் பிறகு தெரிந்தால், எதிரில் இருப்பவர் வெற்று வரியைப் படிப்பார். எக்ஸ்86 சிப்பில் ஒரு கோர் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்கும் தெரியும். ஆர்ம், பவர் சிப்கள் அந்த உறுதியைத் தருவதில்லை. அதனால் நடுவில் பேரியர் என்ற தடுப்பு உத்தரவைப் போடுகிறார்கள்: இதற்கு முன் எழுதியதெல்லாம் தெரிந்த பிறகே அடுத்தது தெரியவேண்டும்.

எக்ஸ்86லும் ஒரு ஓட்டை உண்டு. முன்னால் எழுதியது இன்னும் வெளியே தெரியாத நிலையில், பின்னால் வரும் படிப்பு முந்திக்கொள்ளலாம். இதனால் நேரக்கூடியதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். டிரைவர் புது வேண்டுகோளைப் போட்டு எண்ணிக்கையைக் கூட்டுகிறது. உடனே, கருவிக்கு மணி அடிக்கவேண்டுமா, அதாவது வேலை வந்திருக்கிறது என்று எழுப்பவேண்டுமா என்று கருவியின் கொடியைப் படிக்கிறது. அதே நொடியில் மறுபக்கம் கருவி வேலை இல்லையென்று தூங்கப் போகிறது. போகும் முன் "இனி வந்தால் மணி அடி" என்று கொடியை மாற்றிவிட்டு, கடைசியாக ஒருமுறை எண்ணிக்கையைப் படிக்கிறது. இரண்டு பக்கத்திலும் படிப்பு எழுத்தை முந்திவிட்டால், டிரைவர் பழைய கொடியைப் பார்த்து மணி அடிக்காமல் விடும், கருவி பழைய எண்ணிக்கையைப் பார்த்துத் தூங்கிவிடும். வேண்டுகோள் நோட்டில் அப்படியே கிடக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது, நெட்வொர்க் சும்மா நின்றுவிடும். அந்த இடத்தில் முழுத் தடுப்பு ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஒரே ஒரு சிபியு உள்ள கெஸ்டுக்காகத் தயாரித்த கர்னலில் இன்னொரு வினை இருந்தது. சிபியு ஒன்றுதானே, கோர்களுக்கு இடையிலான தடுப்பு எதற்கு என்று கர்னல் அந்த உத்தரவுகளை நீக்கிவிடும். கெஸ்டுக்கு ஒரு சிபியு என்பது உண்மைதான். ஆனால் கருவி வேஷம் போட்டிருக்கும் புரோகிராம் ஹோஸ்டில் வேறொரு கோரில் ஓடுகிறது. இதற்காகவே 2016ல் லினக்ஸ் 4.5ல் மைக்கேல் சிர்கின், சிபியு எண்ணிக்கையைப் பார்த்துக் காணாமல் போகாத தனி வகைத் தடுப்புகளைச் சேர்த்தார். நிஜமான விர்ட்டியோ கார்டுகளுக்கு அதையும்விட வலுவான தடுப்பு வேண்டும். அதைக் கருவியே கேட்டு வாங்க 36ஆம் பிட் இருக்கிறது.

அடுத்தது கேஷ், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான மெமரி. எக்ஸ்86லிருந்து ஆர்முக்கு வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. கெஸ்ட் ஒரு திரை மெமரியைக் கருவியின் மெமரி என்று நம்பி, கேஷ் வேண்டாம் என்று குறித்துக்கொள்கிறது. அது எழுதுவது நேராக மெமரிக்குப் போகும். ஹோஸ்டில் க்யூஎமு அதே இடத்தைக் கேஷ் வழியாகப் படிக்கும். இடம் ஒன்று, பார்வை இரண்டு. திரையில் பழைய படத்தின் துண்டுகள் கலந்து தெரியும். இன்டெல் சிப்பில் கெஸ்ட் சொன்ன வகையைத் தள்ளிவைத்து ஹைப்பர்வைசர் தன் வகையைத் திணிக்கலாம். ஆர்மில் இரண்டில் கடுமையானதுதான் வெல்லும், அதாவது கேஷ் வேண்டாம் என்பதுதான். ஆர்ம் வடிவமைப்பின் 8.4 பதிப்பில்தான் ஹைப்பர்வைசருக்கு அந்த அதிகாரம் வந்தது. விர்ட்டியோவின் நோட்டு சாதாரண மெமரியில் இருப்பதால் அதற்கு இந்தத் தொல்லை குறைவு. அப்படியும் ஆர்ம் மெஷினின் கருவிப் பட்டியலில் இந்தக் கருவி கேஷுடன் ஒத்துப்போகும் என்று எழுதித் தருகிறார்கள். அந்த ஒரு வரி இல்லாத நிலையில் டிஎம்ஏ ஏபிஐ வழியாகப் போனால், கெஸ்ட் கேஷைத் தவிர்த்து எழுதத் தொடங்கிவிடும்.

மணி அடிக்கும் விதமும் சிப்புக்குச் சிப் வேறு. எக்ஸ்86ல், கருவிகளுக்கென்றே இருக்கும் போர்ட் என்ற தனி முகவரியில் எழுதினால் எந்தப் போர்ட், எத்தனை பைட் என்று சிப்பே ஹைப்பர்வைசரிடம் சொல்லிவிடும். ஆர்மில் எல்லாம் மெமரி முகவரிதான். அங்கே கெஸ்ட் ஒரே ஒரு ரெஜிஸ்டரை, அதாவது சிப்புக்குள் எண் தங்கும் பெட்டி ஒன்றை, எளிய உத்தரவால் எழுதினால்தான் சிப் விவரம் தரும். இரண்டு ரெஜிஸ்டரைச் சேர்த்து எழுதும் உத்தரவையோ, எழுதிய கையோடு முகவரியையும் நகர்த்தும் உத்தரவையோ நிரலைச் சிப்பின் உத்தரவுகளாக மாற்றும் கம்பைலர் போட்டுவிட்டால் விவரம் வராது, ஹைப்பர்வைசர் திணறும். அதனால் லினக்ஸில் கருவியைத் தொடும் அடிப்படை வரிகளைக் கம்பைலரின் விருப்பத்துக்கு விடாமல் அசெம்பிளியிலேயே எழுதியிருக்கிறார்கள். மெயின்பிரேமிலோ பழைய சேனல் முறைதான். அங்கே மணி அடிப்பதற்கு 'டயக்னோஸ்' என்ற உத்தரவு நேராக ஹைப்பர்வைசரை அழைக்கிறது.

ஒரு எண்ணின் பைட்டுகளில் எதை முதலில் வைப்பது என்ற பைட் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய விர்ட்டியோ கெஸ்டின் வழக்கப்படியே எண்களை எழுதியது. பவர் சிப் இரண்டு வரிசையிலும் ஓடக்கூடியது என்பதால், கெஸ்ட் எதில் ஓடுகிறது என்று ஹோஸ்ட் ஊகிக்க வேண்டியிருந்தது. விர்ட்டியோவின் பதிப்பு 1.0 எல்லோருக்கும், மதிப்பில் சிறிய பைட் முதலில் வரும் லிட்டில் எண்டியன் என்று முடிவுகட்டியது.

இப்போது நான் அதிகம் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். 2017ல் வந்த ஏஎம்டி எபிக் சிப்புகளில் கெஸ்டின் மெமரியையே பூட்டிவைக்கும் வசதி வந்தது. ஹோஸ்ட் எட்டிப் பார்த்தால் மறையாக்கப்பட்ட பைட்டுகள்தான் தெரியும். பிறகு ஐபிஎம்மும் இன்டெலும் தங்கள் சிப்புகளில் இதே நோக்கத்தோடு வந்தார்கள். க்யூஎமு எல்லா மெமரியையும் படிக்கும் என்று 2008ல் வைத்த நம்பிக்கை இங்கே அடியோடு போய்விடுகிறது. கைகொடுத்தது அதே 33ஆம் பிட்தான். அது இருப்பதால் டிரைவர் கர்னலிடம் கேட்கிறது. கர்னல், பூட்டாமல் விட்டிருக்கும் ஒரு பொது இடத்துக்கு டேட்டாவைப் பிரதி எடுத்து, அந்த முகவரியைத் தருகிறது.

இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு பைட்டும் கூடுதலாக ஒருமுறை நகலாகிறது. லினக்ஸில் அந்தப் பொது இடம் வழக்கமாக 64 எம்பி. ஏஎம்டியின் பூட்டிய கெஸ்டில் மொத்த மெமரியில் 6 சதவீதம் வரை, உச்சவரம்பு 1 ஜிபி. ஒரே துண்டாகக் கேட்டால் 256 கேபிக்கு மேல் கிடைக்காது. டிஸ்க் டிரைவர் அதைவிடப் பெரிய துண்டு கேட்டால் வேலை தோற்றுப்போகும். 2019ல்தான் விர்ட்டியோ டிஸ்க் டிரைவர் அந்த வரம்பை முன்கூட்டியே விசாரித்து, துண்டைச் சிறிதாக்கிக்கொள்ளக் கற்றது.

நம்பிக்கையும் இடம் மாறிவிட்டது. முன்பு கெஸ்டிடமிருந்து ஹோஸ்டைக் காப்பாற்றினால் போதும். இப்போது ஹோஸ்டையே சந்தேகிக்க வேண்டும். நோட்டு இருவர் கையிலும் இருக்கிறது, டிரைவர் எழுதிய முகவரியை மறுபக்கம் மாற்றி எழுதினால்? வேலை முடிந்ததும் அந்த முகவரியை நோட்டிலிருந்தே திரும்பப் படித்து விடுவித்தால், அந்நியர் சொன்ன இடத்தை டிரைவர் விடுவித்துவிடும். ஆகவே 2021லிருந்து முகவரி, நீளம், கொடிகள் ஆகியவற்றின் சொந்தப் பிரதியை டிரைவர் பூட்டிய மெமரியில் வைத்துக்கொள்கிறது. விடுவிக்கும்போது அந்தப் பிரதியைத்தான் பார்க்கிறது.

கேட்டுக்கொண்டிருக்கும் பொறியியல் மாணவர்கள் லினக்ஸ் கர்னலில் டிரைவர்ஸ் என்ற அடைவுக்குள் விர்ட்டியோ என்ற அடைவைத் திறந்து, விர்ட்டியோ ரிங் என்ற சி கோப்பை ஒருமுறை வாசியுங்கள். நான் சொன்ன 33ஆம் பிட் சோதனை, அதன் நீளமான குறிப்பு, தடுப்புகள், சொந்தப் பிரதி எல்லாம் அந்த ஒரே கோப்பில் இருக்கின்றன. நன்றி, வணக்கம்.