நாடு ரெண்டு, சாக்கடை ஒண்ணு! சைப்ரஸ் ஒன்றுசேர ஒரு வழி

வணக்கம் மக்களே! ஒரு தலைநகரம். நடுவில் முள்வேலி, மணல் மூட்டை, ஐ.நா. படை. ஆனால் தெற்கே கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால், அது வேலியைத் தாண்டி வடக்கே போகிறது. கதை விடவில்லை, கடைசி வரை பாருங்கள்.

(திரையில்: சைப்ரஸ் வரைபடம்)

சைப்ரஸ் மத்தியதரைக் கடலில் ஒரு தீவு. வரலாறு வேகமாக. 1960இல் விடுதலை. 1963இல் கிரேக்கர், துருக்கியர் கலவரம். 1974 ஜூலையில் கிரீஸ் ராணுவ ஆட்சி தூண்டிய ஆட்சிக் கவிழ்ப்பு, ஐந்தே நாளில் துருக்கிப் படை வந்து இறங்கியது. தெற்கே கிரேக்கர், வடக்கே துருக்கியர். அவ்வளவுதான்.

சரி, சாக்கடைக்கு வருவோம். நான் சென்னையின் குப்பைமேடு இருக்கும் கொடுங்கையூர்க்காரன், ஊர்க்கழிவு எங்கே போய்ச் சேரும் என்று என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பீர்கள்? தலைநகர் நிகோசியாவில் பாதாளச் சாக்கடை வேலை நடந்துகொண்டிருந்தபோதே நாடு உடைந்தது. சுத்திகரிப்பு நிலையம் வடக்கில் மாட்டிக்கொண்டது. குழாய் ஒருத்தரிடம், நிலையம் இன்னொருத்தரிடம்! வியாசர்பாடியில் மழைக்கு மேன்ஹோல் பொங்கும்போது, எந்தக் கட்சிக் கொடி பறக்கும் தெரு என்று பார்த்தா பொங்குகிறது? அங்கேயும் அதே கதைதான். 1978இல் தெற்கின் மேயர் லெல்லோஸ் டெமெட்ரியாடிஸும் வடக்கின் முஸ்தஃபா அக்கின்ஜியும் உட்கார்ந்து பேசினார்கள். கொடி, அங்கீகாரம் எல்லாம் அப்புறம், முதலில் நாற்றம் போகட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். இந்த அக்கின்ஜிதான் 2015இல் வடக்கின் தலைவரே ஆனார். இந்த மாதிரி ஆட்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2011இல் தெற்கின் பெரிய மின்நிலையம் வெடிவிபத்தில் சேதமானபோது, கரண்ட் கொடுத்ததும் வடக்குதான்.

அதனால் என் யோசனை: அரசியல் சட்டம் எழுதும் முன்பே கழிவுநீர், குடிநீர், மின்சாரம் மூன்றுக்கும் கூட்டு வாரியம். ஒருவர் கையெழுத்து இல்லாமல் இன்னொருவர் வால்வைத் திறக்க முடியக்கூடாது. அதிகாரப் பங்கீடும் 1974இல் இடம்பெயர்ந்தவர்களிடமிருந்து பறிபோன வீடுகளின் கணக்கும் அதற்குப் பிறகு. கடைசியில் வாக்கெடுப்பு, ஆனால் 2004 மாதிரி வேண்டாம். அப்போது இரண்டையும் சேர்க்கும் ஐ.நா. திட்டத்துக்கு வடக்கில் 65 சதவீதம் சரி என்றது, தெற்கில் 76 சதவீதம் வேண்டாம் என்றது. வேண்டாம் என்ற தெற்கு ஒரே வாரத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது! மறுத்தால் நஷ்டமே இல்லை என்றால் எவன் இறங்கி வருவான்? அடுத்த முறை, மறுப்பவருக்கும் கை சுட வேண்டும்.

உங்கள் தெருவில் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடு, சாக்கடை அடைத்த அன்று மட்டும் பேசிக்கொண்ட கதை இருக்கிறதா? கமெண்டில் எழுதுங்கள். எங்கள் தெருவில் இருக்கிறது, ஆனால் சொன்னால் அம்மா திட்டும்.