பெட்டி எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம்.

மொபைலில் வானொலி கேட்டபடியே நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இணைப்பு கிடைத்ததும் அறிவிப்பாளர் முதலில் சொல்வது, "ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்பதுதான். குறைக்காவிட்டால் நாம் பேசியதே சற்றுப் பிந்தி நம் காதில் விழும், அடுத்த சொல் தடுமாறும். சும்மா கேட்டுக்கொண்டிருப்பவருக்கோ அப்படி ஒரு தாமதம் இருப்பதே தெரியாது.

டிவிடி கடைகளை ஸ்ட்ரீமிங் காலி செய்தது போல, டிவியில் மாட்டி கேம் ஆடும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளையும் காலி செய்துவிடுமா, கேமும் இனி இணையம் வழியாகவே வந்துவிடுமா என்று கேட்கிறார்கள். சினிமா பார்ப்பவர், வானொலி கேட்பவரைப் போல. அடுத்த சில நிமிடப் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். குழாயில் தண்ணீர் நின்றாலும் குடத்தில் இருக்கும். கேம் விளையாடுபவரோ, தொலைபேசியில் பேச வந்தவரைப் போல. அவர் அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. பட்டனை அழுத்தியதும் அந்தச் செய்தி, நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் இருக்கும் டேட்டா சென்டருக்குப் போய், அங்கே காட்சி உருவாகி, வீடியோவாகச் சுருங்கி, திரும்பி வந்து, திரையில் விரிய வேண்டும். நொடிக்கு 60 காட்சி ஓடும் கேமில் ஒரு காட்சியின் ஆயுள் சுமார் 17 மில்லிசெகண்ட். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர்தான் போகும். டேட்டா சென்டர் 1000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்வரவே 10 மில்லிசெகண்ட். உங்கள் வீட்டு வைஃபை செய்யும் சேட்டை தனிக்கணக்கு.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கல்யாணப் பந்தியில் ஒரே அண்டா சாம்பாரை ஆயிரம் பேருக்கு ஊற்றலாம். சினிமா அப்படித்தான், ஒரே பிரதியை எத்தனை பேருக்கும் அனுப்பலாம். கேமில் ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு பற்றவைக்க வேண்டும். எல்லோருக்கும் பசிப்பதோ ராத்திரி ஒன்பது மணிக்கு! என்விடியா நிறுவனத்தின் ஜிஃபோர்ஸ் நவ் என்ற கேம் ஸ்ட்ரீமிங் சேவையை இலவசமாகப் பயன்படுத்துபவர்கள் வரிசையில் காத்திருப்பது இதனால்தான். எக்ஸ்பாக்ஸ் விற்கும் மைக்ரோசாஃப்டின் டேட்டா சென்டரில் இந்த வேலையைச் செய்வது எது என்று பார்த்தால், ரேக்குகளில் அடுக்கிய எக்ஸ்பாக்ஸ் வன்பொருளேதான். பெட்டி ஒழியவில்லை. உங்கள் டிவிக்கு அடியிலிருந்து எழுந்துபோய் அவர்கள் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இது புதுக் கனவும் இல்லை. அமெரிக்காவில் ஆன்லைவ் என்ற கேம் ஸ்ட்ரீமிங் சேவை 2010-லேயே வந்தது. 2012-இல் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது, 2015-இல் மூடிவிட்டது. அதன் காப்புரிமைகளை வாங்கியது யார் தெரியுமா? பிளேஸ்டேஷன் விற்கும் சோனி. அதற்கு முன்பே, 2012-இல், கைக்காய் என்ற இன்னொரு ஸ்ட்ரீமிங் நிறுவனத்தையும் 38 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்தது.

அப்புறம் கூகுள் வந்தது. 2019 நவம்பரில் 14 நாடுகளில் ஸ்டேடியா என்ற தன் கேம் ஸ்ட்ரீமிங் சேவையைத் தொடங்கியது. நல்ல இணைப்பு இருந்த வீடுகளில் அது நன்றாகவே ஓடியது. கோளாறு கடையில் இருந்தது என்பது என் எண்ணம். பெரிய கேம்கள் பலவற்றை முழு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, ஆனால் அங்கே வாங்கியவை ஸ்டேடியாவில் மட்டுமே ஓடும். கேம் பதிந்த தட்டும் (டிஸ்க்) கிடையாது, கணினியில் இறக்கிக்கொள்ளவும் முடியாது. வாடகை வீட்டுக்குச் சொந்த வீட்டு விலை கேட்டால் யார் குடிபோவார்கள்? 2021-இல் சொந்தமாகக் கேம் தயாரிக்கும் ஸ்டூடியோக்களையும் மூடினார்கள். கடையைத் திறந்தவருக்கே நம்பிக்கை இல்லையென்றால் வாங்குபவருக்கு எப்படி வரும்? 2023 ஜனவரி 18-ஆம் தேதி எல்லாம் நின்றுபோனது. சரி, ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தங்கள் கடையில் வாங்கிய கேம்களுக்கும் கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆக, என் கணிப்பில், போவது பெட்டி அல்ல, தட்டு. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதே தட்டு போட இடமில்லாத மாடலும் கூடவே வந்தது. 2024-இன் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் தட்டு இயக்கி வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரீமிங் பக்கத்துத் தெரு மாதிரி இருக்கும். ஒரு கேமை வாங்குவதற்கு முன் ருசி பார்க்க, வெளியூர் போன இடத்தில் மொபைலில் அரைமணி நேரம் ஆட, அதற்கெல்லாம் நல்ல வழி. வேகமான சண்டை கேம் ஆடுபவர்கள் அந்தத் தெருவுக்குக் குடிபோக மாட்டார்கள்.

ஸ்டேடியாவின் கன்ட்ரோலர், அதாவது கையில் பிடித்து ஆடும் பட்டன் கருவி, வைஃபை வழியாக நேரே கூகுளின் டேட்டா சென்டரோடு பேசும்படி செய்யப்பட்டது. கடையை மூடும் வாரத்தில், அதைச் சாதாரண ப்ளூடூத் கன்ட்ரோலராக மாற்றிக்கொள்ள ஒரு மென்பொருள் கொடுத்தார்கள். மாற்றிக்கொண்டவர்கள் இன்னமும் அதை வைத்து ஆடுகிறார்கள், எதிரிலேயே இருக்கும் கம்ப்யூட்டரில்.

வணக்கம்.