அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு ஒரு பையன்

எல்லோருக்கும் வணக்கம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கொஞ்ச நேரம் யாருமே எழுந்திருக்கவில்லை, அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பிடித்தது. நான் எழுதிக்கொண்டு வந்ததை ஓரமாக வைத்துவிட்டு, இப்போது நீங்கள் சொன்னதையும், இதற்கு முன்பு இந்தப் படத்தைப் பார்த்த நண்பர்கள் என்னோடு சண்டை போட்டதையும் வைத்தே பேசுகிறேன்.

தாமதமாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: படம் 2017இல் வந்த 'வாக்கிங் அவுட்'. இயக்கியவர்கள் ஆலெக்ஸ் ஸ்மித், ஆண்ட்ரூ ஸ்மித் என்ற இரட்டைச் சகோதரர்கள். டேவிட் குவாமென் எழுதிய ஒரு சிறுகதைதான் மூலம். அமெரிக்காவில், டெக்சாஸில் வளரும் 14 வயதுப் பையன், மொன்டானா மலைப்பக்கம் தனியாக வாழும் அப்பாவைப் பார்க்க வருகிறான். இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை. மூஸ் என்கிற பெரிய மானை வேட்டையாட அப்பா அவனைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறார். அங்கே கரடி வருகிறது, எல்லாம் தலைகீழாகிறது. அடிபட்ட அப்பாவைத் தூக்கிக்கொண்டு பையன் வெளியே வர வேண்டும். முடிவைச் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் பார்க்கட்டும்.

முதல் புகார், படம் மெதுவாகப் போகிறது என்பது. முன்பாதியில் அப்பா ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார், பையன் கேட்டும் கேட்காமலும் நடக்கிறான், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். "உன்னை எனக்குப் பிடிக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத அப்பாக்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாசம், காலை இப்படி வை, துப்பாக்கியை அப்படிப் பிடி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது பார் என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான். என் அப்பாவும் அப்படித்தான், குடை எடுத்தாயா, டார்ச்சில் பேட்டரி இருக்கிறதா, இதைத் தாண்டி அவர் என்னிடம் பேசியது ரொம்பக் குறைவு. இந்தப் படத்தில் முன்பாதியை வெட்டிவிட்டால் பின்பாதியில் அந்தப் பையன் கையில் எதுவுமே மிஞ்சாது, ஏனென்றால் அப்பா நடக்க முடியாமல் போன பிறகு அவனிடம் இருக்கும் கையிருப்பு அந்தப் பேச்சு மட்டும்தான்.

சரி, அடுத்தது. இங்கே அதிகம் பேர் கோபப்பட்டது இதற்குத்தான்: இந்த அப்பா செய்தது தப்பு, பழக்கமே இல்லாத பையனைக் குளிர் இறங்கும் காலத்தில் அவ்வளவு தூரம் உள்ளே இழுத்துப் போகலாமா? தப்புதான். சந்தேகமே இல்லை. அவர் எவ்வளவு நல்லவர், மலையை எவ்வளவு தெரிந்தவர் என்று சொல்லி அந்தத் தப்பை மழுப்ப எனக்கு மனசில்லை. ஆனால் படமும் மழுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். நடுநடுவே இந்த அப்பாவின் நினைவில் பையனின் தாத்தா வருகிறாரே, பில் புல்மன் நடித்தது, அந்தக் காட்சிகள் இடைஞ்சல் என்று சிலர் சொன்னீர்கள். எனக்குப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. தன் அப்பாவோடு போன வேட்டையில் தனக்குக் கிடைத்தது தன் மகனுக்கும் கிடைக்க வேண்டும் என்று இந்த அப்பா தவிக்கிறார், அது அந்தப் பையனுக்கு வேண்டுமா என்று ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்கவில்லை. வருடத்தில் சில நாள் மட்டுமே மகனைப் பார்க்கிற மனிதர், அந்தச் சில நாளுக்குள் முழு அப்பாவாக வாழ்ந்து முடித்துவிடப் பார்க்கிறார். அந்த அவசரம்தான் அவரை அவ்வளவு உள்ளே கொண்டுபோகிறது என்று நான் நினைக்கிறேன்.

நம்பும்படி இல்லை என்றும் சிலர் சொன்னார்கள். பனியில் கரடி எப்படி வரும், அது தூங்கிக்கொண்டிருக்காதா என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. கிரிஸ்லி என்கிற பெரிய பழுப்புக் கரடிகள் குளிர்காலத் தூக்கத்துக்காகக் குகைக்குள் போவதற்கு முன்பு, இலையுதிர்காலக் கடைசியில், உடம்பில் கொழுப்பு சேர்க்க வெறி பிடித்தது போலத் தின்னும். மொன்டானாவில் வேட்டைக்காலமும் நவம்பர் வரை போகிறது, மலையில் அதற்குள் பனி விழுந்துவிடும். ஆக இரண்டும் ஒரே இடத்தில் சந்திப்பதில் அதிசயம் இல்லை. குட்டியோடு இருக்கும் தாய்க்கரடி, செத்த மிருகத்தைக் காவல் காக்கும் கரடி, இந்த இரண்டு பக்கமும் போகாதே என்றுதான் அந்தக் காடுகளில் நடப்பவர்களுக்கு முதலில் சொல்லித்தருவார்கள்.

குளிரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் உடம்பின் உட்சூடு 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது, அது 35க்குக் கீழே போனாலே ஆபத்து ஆரம்பமாகிவிட்டது. முதலில் நடுக்கம், அப்புறம் பேச்சு குழறும், கை சொன்னதைக் கேட்காது. இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும், பார்ப்பவர்கள் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள், உண்மையில் அதுதான் ரொம்ப மோசமான நேரம். ஈரத்துணியோடு இருந்தால் இவ்வளவும் இன்னும் வேகமாக நடக்கும். புத்தி மங்குவதால் அனுபவசாலிகூடத் தப்பான முடிவு எடுப்பார். "இவ்வளவு தெரிந்த ஆள் ஏன் இப்படிச் செய்கிறார்" என்று கேட்ட அக்காவுக்கு, காரணத்தில் பாதி குளிர் என்று சொல்வேன்.

வேட்டையே பிடிக்கவில்லை, மிருகத்தைக் கொல்வதை வைத்து அப்பா மகன் பாசமா என்று கேட்டவரோடு நான் வாதாட மாட்டேன். அது அவர் மனசு, எனக்கும் சில காட்சிகளில் கண்ணைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது.

ஆனால் 14 வயதுப் பையன் ஒரு முழு ஆளைத் தூக்க முடியுமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். தோளுக்கு மேலே வளர்ந்தால் தோழன் என்பார்கள். இவன் அப்பாவின் தோளுக்கு மேலே வளர்வதற்குள் அப்பா இவன் முதுகுக்கு வந்துவிடுகிறார். பையனாக நடித்த ஜாஷ் விக்கின்ஸ் அந்தக் கனத்தை முகத்தில் காட்டவே இல்லை, முழங்காலில் காட்டுகிறார், கவனித்தீர்களா? அப்பாவாக நடித்த மாட் போமரும் தன் உடம்பை அப்படியே சுமையாக விட்டுவிடுகிறார்.

என் அப்பா கடைசி வருடம் படுக்கையிலேயே இருந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற முதல் தடவை அவரைத் தூக்கியபோது எனக்கு வயது 40க்கு மேல், இருந்தும் பயந்துவிட்டேன், மெலிந்துபோன மனிதர் இவ்வளவு கனப்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அப்போதும் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார், இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு என்று. இன்றைக்கு இந்தப் படத்தில் பையன் குனிந்ததும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

பின்வரிசையில் ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார், தாத்தா காட்சிகளைப் பற்றி என்னோடு அவருக்கு உடன்பாடு இல்லை போல. மைக்கை அவரிடம் கொடுங்கள், கேட்போம்.