நூலில் கட்டிய காற்று

வணக்கம் நேயர்களே. ஸ்ரீநகர் தால் ஏரிக்குச் சுற்றுலா போனவர்களுக்குத் தெரியும். பளபளக்கும் காஷ்மீரி அங்கி ஒன்றை நம் சேலைக்கு மேலேயே மாட்டிவிட்டு, கையில் பூக்கூடையும் கொடுத்துப் படம் எடுப்பார்கள். எங்கள் அத்தையின் படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அங்கிக்குக் கீழே பார்த்தால் சுங்குடிச் சேலைக் கரை தெரியும்!

இது புதுத் தொழில் இல்லை. ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்துக்கு 1863-ல் பெலிச்சே பியாட்டோ என்ற படக்காரர் வந்து சேர்ந்தார். கப்பலில் வரும் வெள்ளைக்காரர்கள் ஊருக்கு எடுத்துப் போக கிமோனோ என்ற ஜப்பானிய அங்கி உடுத்திய பெண்கள், வாளேந்திய சாமுராய் போர்வீரர்கள் என்று படம் எடுத்து, கையால் வண்ணம் தீட்டி விற்றார். அவரிடம் வண்ணம் தீட்டியவர்தான் குசகாபே கிம்பெய். 1881-ல் அவரே சொந்தமாக ஸ்டூடியோ திறந்தார்.

அவருடைய படம் ஒன்றைப் பற்றிப் பேசாமல் எனக்கு உரை முடியாது. கொட்டும் மழை, சூறைக்காற்று. ஒரு பெண் குடையைச் சாய்த்துப் பிடித்து நிற்கிறாள். கிமோனோவின் ஓரம் படபடவென்று பறக்கிறது. பறக்கிறதா? அன்றைய கேமராவுக்குச் சில விநாடி ஆடாமல் நிற்க வேண்டும். நிஜக் காற்று அடித்திருந்தால் துணி வெறும் புகைமூட்டமாகத்தான் விழுந்திருக்கும். ஆகவே துணியை நூலால் இழுத்துக் கட்டிவிட்டார்கள். மழை? நெகட்டிவில் கீறிய கோடுகள். ஆமாம், காற்றை நூலில் கட்டினார்கள், மழையைக் கீறி வைத்தார்கள். பாவம், அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருப்பாள்.

அப்படியானால் எல்லாம் பொய்யா என்று கேட்பீர்கள். என் கட்சி வேறு. காற்றை நம்பாதீர்கள், நிறத்தையும் நம்பாதீர்கள். அது தீட்டியவர் கைக்கு வந்த நிறம். உடுத்திய விதத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். கிமோனோவில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாற்றிக் கட்டினால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. நம் ஊரிலும் சில கட்டுகள் அப்படித்தானே, கை தானாகச் செய்யும். ஸ்டூடியோ அந்தக் கைப்பழக்கத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாமுராய் கதையை விரிவாகச் சொல்ல நினைத்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: 1876-ல் பொது இடத்தில் வாள் கட்டத் தடை வந்தது. அதற்கு அப்புறமும் ஸ்டூடியோக்களில் சாமுராய்களுக்குப் பஞ்சமே இல்லை. கவசம் பெட்டியில் இருந்தது, மாட்டிக்கொள்ள ஆளும் கிடைத்தார்கள். வணக்கம்.