ஓதம் ஏறிய ஒரு சுவர், 20 வருட வேலை: லண்டனில் ஒளிந்திருக்கும் மரச் சித்திர வீடு

வணக்கம் நண்பர்களே. லண்டனில் வாண்ட்ஸ்வொர்த் ரோடு என்று ஒரு சாலை. பஸ்ஸும் லாரியும் ஓயாத சாலை. அங்கே 575ஆம் எண் வீட்டைக் கடந்து போனால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய செங்கல் வீடுகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

கதவைத் திறங்கள். சுவர், உட்கூரை, கதவு, அலமாரி என்று கண் போகிற பக்கமெல்லாம் மரத்தில் வெட்டிய பூவேலை. தரையிலும் ஓவியம். அத்தனையும் ஒரே மனிதரின் கைவேலை!

அவர் பெயர் காதம்பி அசலாச்சே. கென்யாவில் பிறந்த கவிஞர், நாவலாசிரியர். நைரோபியில் கட்டடக்கலை, ஐரோப்பாவில் ஓவியம், அப்புறம் கணிதத்தின் தத்துவத்தில் முதுகலை என்று படித்தவர். பிரிட்டிஷ் நிதி அமைச்சகத்தில் வேலை. 1981இல் இந்த வீட்டை வாங்கினார்.

சரி, இப்போதுதான் கதையே ஆரம்பிக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சலவை நிலையம். அந்த ஈரம் சுவர் வழியாக இவர் வீட்டுக் கீழ்த்தளச் சாப்பாட்டு அறைக்குள் இறங்கியது. எத்தனை தடவை பூசினாலும் ஓதம் நிற்கவில்லை. கடைசியில் பழைய பைன் தரைப்பலகைகளைக் கொண்டுவந்து அந்தச் சுவரை மூடினார். மூடியாயிற்று, ஆனால் வெறும் பலகை வெறிச்சென்று இருந்தது. அதன்மேல் மெல்லிய மரத்தில் வேலைப்பாடு வெட்டி ஒட்டினார். அந்த அறையிலிருந்து அடுத்த அறை, அப்புறம் மாடிப்படி, அப்புறம் மாடி. கிட்டத்தட்ட 20 வருடம்!

மரம் எங்கே கிடைத்தது தெரியுமா? பெரும்பாலும் குப்பையில். பக்கத்தில் யாராவது வீட்டை இடித்துக் கட்டினால், வெளியே எறியும் கதவுகளையும் பலகைகளையும் எடுத்து வருவார். கருவிகளும் பெரிதாக ஒன்றுமில்லை. ஓட்டை போட ஒரு டிரில், வெட்ட ஒரு சாதாரணக் கைரம்பம். ஒரே பூ இரண்டு இடத்தில் வந்தால் இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. எனக்கு இந்த வீட்டில் மிகவும் பிடித்ததே அதுதான். இயந்திரம் வெட்டியிருந்தால் கண் ஒரு நிமிடத்தில் சலித்திருக்கும்.

கொஞ்சம் நில்லுங்கள், இதை அவசரமாகச் சொல்ல எனக்கு மனசில்லை. ஸ்பெயினில் கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனை, கோர்டோபாவின் பெரிய மசூதி, கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரின் செதுக்கிய கதவுகள், இஸ்தான்புல்லில் போஸ்பரஸ் நீரிணைக் கரையோர மர மாளிகைகள். இவையெல்லாம் அவர் மனதில் ஊறியவை. அல்ஹம்ப்ரா சுவரைப் பாருங்கள். நட்சத்திரமும் கொடியும் எழுத்தும் கணக்குப் பிசகாமல் பின்னிப் போகும். இங்கேயும் அந்தக் கணக்கு இருக்கிறது. ஆனால் நடுவே ஒட்டகச்சிவிங்கி வருகிறது, பறவை வருகிறது, ஆடும் மனிதர்கள் வருகிறார்கள்! அங்கே அரசருக்குப் பல கைவினைஞர்கள் சேர்ந்து செய்தார்கள். இவரோ அலுவலக வேலை போக மிஞ்சிய நேரத்தில் தனியாகச் செய்தார். மொராக்கோ விளக்கு ஒன்று, பாரசீகக் கம்பளம் ஒன்று வாங்கிப் போட்டால் உலகம் சுற்றிய வீடு ஆகிவிடாது. அவர் நேசித்த இடங்கள் அவர் கை வழியாகவே வந்து இறங்கியிருக்கின்றன.

“இவ்வளவு இருந்தால் மூச்சு முட்டாதா?” என்று கேட்பீர்கள். முட்டாது என்பதே என் கட்சி. பெரும்பாலும் வேலைப்பாடு ஓட்டை ஓட்டையாக, லேஸ் துணிபோல இருப்பதால் பின்னால் உள்ள பரப்பும் நிழலும் தெரிகின்றன. இந்த அலங்காரத்துக்கு நடுவே மைக்கூடுகள், பளபளக்கும் பழைய பீங்கான், அவருடைய தட்டச்சுப்பொறி எல்லாம் அவர் வைத்தபடியே இருக்கின்றன.

2006இல் அவர் இறந்தார். வீட்டை நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்திருந்தார். பெரிய பெரிய பிரபு மாளிகைகளைப் பராமரிக்கும் அமைப்பு அது. ஒரு அரசு ஊழியரின் வரிசை வீட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்களே, அதற்காக அவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. 2013இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

லண்டனில் இருக்கும் நண்பர்களே, நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. சிறு சிறு குழுவாக, வழிகாட்டியோடுதான் விடுவார்கள், அதனால் முன்பதிவு முக்கியம். தரை ஓவியம் கெடாமல் இருக்க செருப்பையும் ஷூவையும் கழற்ற வேண்டும். போனால் முதலில் அந்தக் கீழ்த்தளச் சாப்பாட்டு அறையைப் பாருங்கள். பார்த்துவிட்டு எந்த உருவம் உங்களுக்குப் பிடித்தது என்று கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் நான் படிப்பேன்.