நெய்மீனா, சூரையா? (செயற்கைக்கோள் தொடர்பு பற்றிய ஒரு மேடைப் பேச்சின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மீன்வளத் துறை உதவி இயக்குநர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசிய பேராசிரியர் அம்மா அவர்களே, படகு உரிமையாளர் சங்கத்துப் பெரியவர்களே, எல்லோருக்கும் நாற்காலி போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டிருக்கும் நூலகர் அவர்களே, தூத்தூர் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என் சொந்தங்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் வயசானவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

'செயற்கைக்கோள் தொடர்பின் எதிர்காலம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசுகிறேன்: கோள் எங்கே பறக்கிறது, கட்டணம் என்ன ஆகும், சட்டம் என்ன சொல்கிறது. அதற்கு முன் நம் ஊர்ப் பழமொழி: அலை எப்போ ஓயறது, தலை எப்போ முழுகறது?

நம் முதல் தகவல்தொடர்புக் கோளான ஆப்பிளை மாட்டுவண்டியில் ஏற்றிச் சோதித்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். உலோக வண்டி ஆன்டெனா சோதனையைக் கெடுக்கும் என்பதால் மரவண்டி. 1981 ஜூனில் அது மேலே போனது. அந்த வகைக் கோள்கள் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும், நாம் ஒன்று கேட்டு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வர அரை விநாடி ஆகும். இணையம் தரும் புதுக் கோள்கள் தாழ்வாகப் பறக்கின்றன: ஸ்டார்லிங்க் நிறுவனத்துடையவை ஏறக்குறைய 550 கி.மீ. உயரத்தில், ஒன்வெப் நிறுவனத்துடையவை 1,200 கி.மீ. உயரத்தில். தாமதமே தெரியாது. ஆனால் ஒரு கோள் நம் தலைக்கு மேல் சில நிமிடம்தான் இருக்கும், அதனால்தான் இத்தனை கோள் வேண்டியிருக்கிறது. அடுத்த கட்டத்தில் தட்டு ஆன்டெனாவே வேண்டாம், கையிலிருக்கும் செல்போனுக்கே நேராக சிக்னல். அதற்கான புளூபேர்டு என்ற அமெரிக்கக் கோள் 2025 டிசம்பரில் நம் எல்விஎம்3 ராக்கெட்டில்தான் போனது.

இதைப் படித்தபோது என் அக்கா மகன் ஞாபகம் வந்தது. பையன் ஆழ்கடலில், குஜராத் பக்கம். கரையில் அவன் மனைவிக்குப் பிரசவம். செல்போன் எட்டாது. வயர்லெஸ் எட்டுவது இருபது, முப்பது கடல்மைல்தான். அதனால் சேதியைப் படகுக்குப் படகு சொல்லி அனுப்பினோம். 'பெண் குழந்தை, ரெண்டே முக்கால் கிலோ, தாயும் நலம்.' முதல் படகு சரியாகச் சொன்னது. இரண்டாவது படகில் இன்ஜின் சத்தம். மூன்றாவது படகுக்காரர் அரைத் தூக்கத்தில் எடுத்தாராம். கடைசியில் இவனுக்குப் போய்ச் சேர்ந்தது 'ரெண்டே முக்கால் கிலோ' மட்டும். பயல் திருப்பிக் கேட்கிறான்: "நெய்மீனா, சூரையா? விலை என்ன?" அந்தக் கேள்வி அதே படகுகள் வழியாகத் திரும்பி வந்து, மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த அவன் மனைவிக்கு அப்படியே சொல்லப்பட்டது. அப்புறம் வீட்டில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாப்பாவை இன்றும் வீட்டில் 'நெய்மீன்' என்றுதான் கூப்பிடுகிறோம்.

சிரித்தீர்கள், சரி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோதும் இதே வயர்லெஸ்தான் நம்மிடம் இருந்தது. தூரத்தில் இருந்தவனுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. இந்த அரங்கில் அன்றைக்கு ஆளை இழந்தவர்கள் இருக்கிறீர்கள், அதனால் மேலே பேசவில்லை.

2019இல் ஜெமினி கருவி வந்தது. கோள் வழியாகப் புயல் சேதி வரும். நாம் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பிறகு ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் கருவி என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கியது. இதில் இருபக்கமும் குறுஞ்செய்தி போகும், ஆபத்துப் பொத்தான் உண்டு. நல்லது, உதவி இயக்குநர் முன்னாலேயே பாராட்டுகிறேன். ஆனால் முறிந்த காலோடு கிடப்பவனுக்கு என்ன செய்யலாம் என்று டாக்டரிடம் கேட்க, குரல் வேண்டாமா? ராக்கெட் நம்முடையது, கடல் நம்முடையது. நம் வள்ளத்துக்குப் பேசும் கருவி கேட்டால் மட்டும், 'விலை குறையட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்கிறார்கள். அலை எப்போ ஓயறது, தலை எப்போ முழுகறது? ஆழ்கடல் போகும் ஒவ்வொரு படகுக்கும் பேசக்கூடிய கருவி வேண்டும். மாதக் கட்டணத்தை அரசு ஏற்க வேண்டும், டீசல் மானியம் தருவதில்லையா, அதுபோல.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. கட்டணக் கணக்கையும் சட்டத்தையும் தலைவர் அவர்கள் அனுமதித்தால் அடுத்த ஆண்டுவிழாவில் பேசுகிறேன். வாசலில் மேசை மேல் மனு இருக்கிறது. படகின் பதிவு எண்ணோடு கையெழுத்துப் போடுங்கள். பேனா நூலகருடையது, வைத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.