சப்சிடி வந்ததும் மீதிய தர்றேன்னு சொன்னா, சின்ன கான்ட்ராக்டர் என்ன பண்றது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி பாலக்கோட்டுல இருந்து. ஒரு தம்பி, வீட்டு வயரிங்கும் சோலாரும் பண்றாராம். அப்படியே படிக்கிறேன்: "அண்ணா, சப்சிடி எல்லாம் வீட்டுக்காரருக்குப் போகுது. வேலை செய்யுற எங்களுக்குத்தான் பணம் முடங்குது. கரண்ட் மிச்சம் பண்ற வேலைக்கு, சின்ன கான்ட்ராக்டருக்கும் கட்டுப்படியாகிற மாதிரி திட்டம் போடணும்னா எப்படிப் போடணும்? வெளிநாட்டுல எப்படிப் பண்றாங்க?"

தம்பி, சப்சிடி எவ்வளவுங்கிறதை நான் ரெண்டாவதாத்தான் பார்ப்பேன். அது என்னைக்கு வருது, அதுவரைக்கும் யாரோட கைக்காசு மாட்டிக்கிட்டு நிக்குது, அதைத்தான் முதல்ல பார்க்கணும்.

நம்ம கண்ணு முன்னாடி இருக்கிற பி.எம். சூர்யா கர் திட்டத்தையே எடுத்துக்குங்க, வீட்டு மாடியில சோலார் போட மத்திய அரசு சப்சிடி தர்ற திட்டம். 2024 பிப்ரவரியில வந்தது. முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூணாவதுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டோ அதுக்கு மேலயோ போட்டா 78,000. பணம் நேரா வீட்டுக்காரர் பேங்க் கணக்குக்கு. அது சரியான ஏற்பாடு, நடுவுல யாரும் கை வைக்க முடியாது. ஆனா எப்போ வருது? பேனல் மாட்டி, நெட் மீட்டர் (நாம எடுக்குற கரண்ட்டையும், ஈபிக்குத் திருப்பி அனுப்புற கரண்ட்டையும் கணக்குப் போடுற மீட்டர்) வச்சு, ஈபி ஆபீஸ்ல இருந்து வந்து பார்த்து, ரிப்போர்ட் ஏறினதுக்கு அப்புறம். பேனலும் இன்வெர்ட்டரும் நீங்க டீலருக்குப் பணம் கட்டித்தான் வண்டியில ஏத்துறீங்க. வீட்டுக்காரர் "சப்சிடி வந்ததும் மீதிய செட்டில் பண்ணிடறேன்ப்பா"ங்கிறாரு. அப்போ அந்த 78,000-ஐ வட்டியில்லாம கடன் கொடுத்தது நீங்கதான். இப்படி நாலு வீடு நின்னா மூணு லட்சத்துக்கு மேல முடங்கிடும். அஞ்சாவது வீட்டுக்கு சரக்கு எடுக்க முடியாது. பெரிய கம்பெனி தாங்கிக்கும், பாலக்கோட்டுக்காரர் தாங்க மாட்டார்.

சரி, இந்த சப்சிடி எங்க மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாருங்க. நம்ம பக்கத்துல பாதி கிராமத்து வீட்டுல நடக்குறது இதுதான். கரண்ட் சர்வீஸ் தாத்தா பேர்ல இருக்கும். அவர் காலமாகி ரொம்ப நாளாச்சு. ஆதாரும் பாஸ்புக்கும் பேரன் பேர்ல. ஆதார்ல இனிஷியல் முன்னாடி, பாஸ்புக்ல பின்னாடி, ஈபி கார்டுல இனிஷியலே கிடையாது. வாரிசு சான்றிதழ் வாங்கி, பேர் மாத்தி முடிக்கிற வரைக்கும் மாட்டின பேனல் மாடியில சும்மா காயும். இதுல கான்ட்ராக்டர் தப்பு என்ன இருக்கு? வேலை சுத்தமா முடிஞ்சிருக்கு, பேர்தான் பொருந்தல. அதனால நான் திட்டம் போட்டா முதல் விதி இதுதான்: பேர், சர்வீஸ் நம்பர், பேங்க் கணக்கு மூணும் பொருந்துதான்னு விண்ணப்பம் போடும்போதே பார்த்து முடிச்சிரணும். அது முடிஞ்சு, சப்சிடி உறுதின்னு எழுத்துல வந்த பிறகுதான் கான்ட்ராக்டர் சரக்கு எடுக்கணும். ரெண்டாவது விதி, வேலை முடிஞ்சு இத்தனை நாளுக்குள்ள பணம்னு தேதி இருக்கணும். தேதி தாண்டினா தாமதத்துக்கு வட்டி சேர்த்துத் தரணும்.

வெளிநாடு கேட்டீங்க. இங்கிலாந்துல 2020 செப்டம்பர்ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, கிரீன் ஹோம்ஸ் கிரான்ட்னு. வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் குளிர் புகாம இன்சுலேஷன் போட, வீட்டைச் சூடாக்குற ஹீட் பம்ப் வைக்க. 150 கோடி பவுண்டு ஒதுக்கினாங்க. 6 லட்சம் வீடு வரைக்கும்னு சொன்னாங்க. 2021 மார்ச்லயே மூடிட்டாங்க. அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்குப் போட்டப்போ ஏறத்தாழ 47,500 வீடுதான் தேறும்னு வந்துச்சு. நிர்வாகச் செலவே 5 கோடி பவுண்டு, அதாவது வீட்டுக்கு ஆயிரம் பவுண்டு. வீட்டுக்காரருக்கு அரசாங்கம் தர்ற மானிய வவுச்சர் வரத் தாமதம், செஞ்ச வேலைக்குப் பணம் வரத் தாமதம். திட்டத்தை நம்பி ஆள் எடுத்த கான்ட்ராக்டர் நடுத்தெருவுல நின்னார். அடுத்த தடவை அரசாங்கம் கூப்பிட்டா அவர் எப்படி வருவார்? அதனாலதான் சொல்றேன், கொஞ்சமா கொடுத்தாலும் பரவாயில்ல, வருஷக்கணக்குல நிக்கணும். குறைக்கிறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிட்டுக் குறைக்கணும். சூர்யா கர் திட்டத்துக்கு 2026-27 வரைக்கும்னு ஆரம்பத்துலயே சொன்னாங்க, அந்த விஷயம் நல்ல விஷயம்.

அதுக்காக கண்ணை மூடிக்கிட்டு வாரி இறைக்கவும் கூடாதுங்க. ஆஸ்திரேலியாவுல 2009-ல மச்சுக்கு இன்சுலேஷன் போட மானியம் கொடுத்தாங்க. ஒரே நேரத்துல அனுபவம் இல்லாத ஆளுங்க தொழிலுக்குள்ள புகுந்துட்டாங்க. வேலை செஞ்ச நாலு இளைஞர்கள் செத்துப் போனாங்க. சிலர் கரண்ட் ஷாக் அடிச்சே செத்தாங்க. 2010 பிப்ரவரியில திட்டத்தை நிறுத்தினாங்க, பின்னாடி ராயல் கமிஷனே வச்சு விசாரிச்சாங்க. வயர்மேன் வேலை செய்யுற நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்ல. லைசென்ஸ் பார்க்கணும், திடீர்னு போய் சில வீட்டை நேர்ல சோதிக்கணும். அதுல சமரசமே கூடாது.

அமெரிக்காவுல 2022-ல வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டத்துல ஹோம்ஸ்னு ஒரு ரிபேட் இருக்கு, அதாவது செலவுல ஒரு பங்கைத் தள்ளுபடியா தர்றது. அதுல எந்தப் பொருளை மாட்டினீங்கன்னு பார்க்கிறதில்ல, வீட்டுல எவ்வளவு மின்சாரம், கேஸ் மிச்சமாச்சுன்னு பார்க்கிறாங்க. கம்ப்யூட்டர்ல மதிப்பிட்டும் கொடுக்கலாம், மீட்டர்ல அளந்தும் கொடுக்கலாம். கூடவே இருக்கிற இன்னொரு ரிபேட்ல, மாட்டுற கான்ட்ராக்டருக்கே 500 டாலர் வரைக்கும் ஊக்கத்தொகை கொடுக்க இடம் இருக்கு.

இந்த மிச்சக் கணக்கு நமக்கு ஏன் முக்கியம்? பென்னாகரம் பக்கம் ஒரு வீடு, மூணு பழைய ஃபேன். ஒண்ணு 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி.ன்னு கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வச்ச ஃபேன் 30 வாட்ல அதே காத்து தரும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா ஒரு ஃபேன்ல அரை யூனிட்டுக்கு மேல மிச்சம். மூணு ஃபேனுக்கு ரெண்டு மாச பில்லுல 97 யூனிட். அரசாங்கம் தர்ற 100 யூனிட் இலவசத்துக்கு ஏறக்குறைய சமம்! மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் பெயின்ட் அடிச்சா சித்திரை வெயில்ல ரூம்ல அனலும் குறையும். இந்த வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார் எதுக்கு? ஆனா ஃபேனை மாத்துங்கன்னு சொல்ற கான்ட்ராக்டருக்கு ஒரு பைசா கிடையாது. கிலோவாட்டுக்குக் காசு கொடுத்தா அவர் கிலோவாட்டைத்தான் விப்பார். வீட்டைச் சுத்திப் பார்த்து, பில்லைப் படிச்சு, உண்மையைச் சொல்ற வேலைக்கும் ஒரு கூலி வைக்கணும். இது என்னோட ரொம்ப நாள் ஆசை.

ஒரு எச்சரிக்கை. மொத்தப் பணத்தையும் மீட்டர் அளந்த பிறகுதான்னு வச்சா சின்னவங்க ஒரு வருஷம் காத்திருக்க முடியாது. நடுவுல அந்த வீட்டுல ஏசி வாங்கிட்டா பில்லு ஏறும், அந்தப் பழி உங்க மேல வரும். அதனால பணத்துல பெரும்பங்கை வேலை முடிஞ்சதும் கொடுத்துடணும், சின்னப் பங்கை மட்டும் பில்லைப் பார்த்துக் கொடுக்கணும். இப்படிப் பிரிச்சா நியாயம்.

திட்டம் மாறுற வரைக்கும் நீங்க என்ன பண்ணலாம்? கொட்டேஷன்ல சப்சிடியைக் கழிச்சு எழுதவே எழுதாதீங்க. முழு விலையை எழுதுங்க, சப்சிடி உங்க கணக்குக்குத் தனியா வரும்னு கீழ ஒரு வரி போட்டு கையெழுத்து வாங்குங்க. கைக்காசு இல்லாத வீட்டுக்காரரை பேங்க் கடனுக்கு அனுப்புங்க. 3 கிலோவாட் வரைக்கும் 2 லட்சம், அடமானம் கேட்க மாட்டாங்க, பணம் நேரா உங்க கணக்குக்கு வரும். அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஈபி கார்டு, ஆதார், பாஸ்புக் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு போட்டோ எடுத்துக்குங்க. பேர் பொருந்தலைன்னா அன்னைக்கே சொல்லிடுங்க.